மே 8இல் தோரணம், மே 18இல் கஞ்சி: பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்குப் பதினொன்று. பாடசாலையில் ஒவ்வொரு மே 8ஆம் திகதியும் 'வி.ஈ. டே', அதாவது இரண்டாம் உலக யுத்தம் ஐரோப்பாவில் முடிந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். வீட்டிலும் ஏதாவது செய்துகொண்டு வரச் சொல்வார்கள். போன வருசம் தோரணம் கட்டி, கேக் செய்து கொடுத்து விட்டேன். பத்து நாள் கழித்து 18ஆம் திகதி, 2009இல் இலங்கையில் யுத்தம் முடிந்ததை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் நினைவு நாளில், என் அம்மா வழமைபோல விளக்கேற்றிக் கஞ்சி காய்ச்சினார். மகள் கேட்டாள்: "யுத்தம் முடிஞ்சால் சந்தோசம்தானே, அம்மம்மா ஏன் அழுறா?" எனக்குப் பதில் வரவில்லை. அம்மா எழும்பி அறைக்குள் போய்விட்டார். இந்த வருசம் உலக யுத்தத்தை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு மற்றதைத் தொடாமல் விடலாமா? வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மகள் பாடத்தைச் சரியாகத்தான் விளங்கியிருக்கிறாள். யுத்தம் முடியும், தெருவில் மேசை போடுவார்கள், கேக் சாப்பிடுவார்கள் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. அதை வைத்துத்தான் அம்மம்மாவைப் பார்த்தாள். கணக்கு ஒத்துவரவில்லை, கேட்டாள். குறை பாடத்தில் இருக்கிறது. முடிவு என்பதை ஒரு பின்னேரமாகச் சுருக்கிவிட்டார்கள்.

ஆகவே, உலக யுத்தத்தை மட்டும் சொல்லலாமா என்றால், முதலில் அதையே சொல்லுங்கள், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். 1945இன் முடிவு எவ்வளவு நீளமானது, அது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எப்படி வேறுவேறாக வந்தது என்பதைப் பிள்ளை கையால் தொட்டுச் செய்துவிட்டால், அம்மம்மாவின் கண்ணீருக்கு நீங்கள் அரைவாசி விளக்கம் கொடுத்தாகிவிட்டது. மிச்ச அரைவாசிக்குக் கடைசியில் வருகிறேன். கீழே உள்ளவற்றை ஒரே நாளில் செய்யாதீர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து இரண்டு சனிக்கிழமையும் சில பின்னேரங்களும் போதும்.

வருசங்களை அளந்து குறிக்கும் ஒரு கடதாசி நாடாவில் தொடங்குங்கள். பிரின்டரில் வைக்கும் ஏ4 தாள் 11 எடுத்து, நீளவாட்டில் ஓரத்தோடு ஓரம் தொட வைத்து, பின்பக்கத்தில் செலோடேப் ஒட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டக்கூடாது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சென்ரிமீற்றர் ஏறினால் கடைசியில் பத்துச் சென்ரிமீற்றர், அதாவது அரை வருசம், காணாமல் போகும். அளவு: ஒரு வருசத்துக்கு 20 சென்ரிமீற்றர். இடது ஓரம் 1939 செப்டெம்பர் 1. ஜேர்மனி போலந்துக்குள் புகுந்தது அன்றுதான். பிரித்தானியா போர்ப் பிரகடனம் செய்ய இன்னும் இரண்டு நாள் இருந்தது, ஆனால் இருட்டடிப்பும் (குண்டுவீச்சு விமானங்களுக்குத் தெரியாதபடி இரவில் வெளிச்சத்தை மறைப்பது) நகரத்துப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்புவதும் அன்றே தொடங்கிவிட்டன.

பிறகு அளந்து அளந்து குறியுங்கள். 7 சென்ரிமீற்றரில் உணவுப் பங்கீடு, அதாவது ஆளுக்கு இவ்வளவுதான் என்று கூப்பனுக்குச் சாமான் கொடுக்கும் முறை, தொடங்குகிறது (1940 ஜனவரி 8: பன்றியிறைச்சி, பட்டர், சீனி). 114இல் வி.ஈ. டே. 119இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்த 1945 ஓகஸ்ட் 15. 120இல் ரோக்கியோ விரிகுடாவில் 'மிசூரி' கப்பலில் கையெழுத்திட்ட செப்டெம்பர் 2. 138இல், 1946 ஜூலையில், பாணுக்குக் கூப்பன் வருகிறது. யுத்தம் நடந்த காலம் முழுவதும் பாணுக்குக் கூப்பன் இருக்கவில்லை, முடிந்தபிறகுதான் வந்தது! 178இல் அது எடுபடுகிறது. 191இல், 1949 மார்ச்சில், உடுப்புக் கூப்பன் முடிகிறது. 269இல், 1953 பெப்ரவரியில், இனிப்பு. 297இல், 1954 ஜூலை 4ஆம் திகதி, இறைச்சி. அதோடு உணவுப் பங்கீடு முற்றாக முடிகிறது. ஏ4 தாளின் நீளம் 29.7 சென்ரிமீற்றர் என்பதால் பத்தாவது தாள் சரியாக அந்த இடத்தில்தான் முடியும். பதினோராவது தாளை வெறுமையாக விடுங்கள்.

மாதம் ஒன்றுக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று மகன் கணக்குப் பார்க்கட்டும் (20ஐ 12ஆல் பிரித்தால் ஏறக்குறைய 1.7). மகள் நிறம் தீட்டட்டும். 114 வரை ஒரு நிறம், 114இலிருந்து 120 வரை இன்னொன்று, அதற்குப் பிறகு வேறொன்று. பெரும்பாலான பிள்ளைகள் செய்யும் தவறு, நிகழ்வுகளை ஒரே இடைவெளியில் வரிசையாக எழுதுவது. பாடசாலைச் சுவரொட்டிகளும் அப்படித்தான் இருக்கும். அப்படி எழுதினால் இந்த வேலையில் ஒன்றுமே மிஞ்சாது. வருசத்துக்கு 5 சென்ரிமீற்றர் என்று சுருக்கவும் வேண்டாம். மே 8க்கும் ஓகஸ்ட் 15க்கும் நடுவே ஒன்றேகால் சென்ரிமீற்றர்தான் வரும், எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும். ரசீதுத் தாள் சுருளும் சரிவராது, ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டினால் கறுத்துவிடும்.

முடிந்ததும் நாடாவை ஒழுங்கையில் நிலத்தில் விரித்து, மகளை 114இல் நிற்கச் சொல்லுங்கள். பின்னால் யுத்தம், 114 சென்ரிமீற்றர். முன்னால் யுத்தம் விட்டுப்போன தட்டுப்பாடு, 183 சென்ரிமீற்றர். நீங்கள் ஒரு விளக்கமும் சொல்லத் தேவையில்லை. அவள் காலைப் பார்த்து, முன்னுக்குப் பார்த்து, திரும்பிப் பார்ப்பாள். இன்னொன்றையும் காட்டுங்கள். வி.ஈ. டே அன்று பிறந்த பிள்ளைக்கு, 1953இல் இனிப்புக்குக் கூப்பன் நிலையாக எடுபட்டபோது ஏழே முக்கால் வயது, அதாவது ஏறக்குறைய அவளுடைய வயது. 1949இல் ஒரு தடவை எடுத்துப் பார்த்தார்கள், கடைகள் காலியாகி, நாலு மாதத்துக்குள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அடுத்தது தராசு. சமையலறைத் தராசும் ஆறேழு கண்ணாடிப் போத்தலும் போதும். பெரியவர் ஒருவருக்கு ஒரு கிழமைப் பங்கு காலத்துக்குக் காலம் கூடிக் குறைந்தது, ஆனாலும் பொதுவாக இப்படி இருந்தது: தேயிலை 57 கிராம், சீனி 227, பட்டர் 57, மாஜரின் 113, சீஸ் 57, பன்றியிறைச்சி 113, சமையல் கொழுப்பு 57, முட்டை ஒன்று. இனிப்பு நாலு கிழமைக்கு 340 கிராம், கிழமைக்கு 85. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் இறைச்சிக் கூப்பனை விட்டுக்கொடுத்துக் கூடுதலாகச் சீஸ் வாங்கலாம் என்று அன்றே ஒழுங்கு இருந்தது. சைவச் சாப்பாட்டு வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தேயிலையை அளக்கும் வேலையை அம்மம்மாவிடம் கொடுங்கள். 57 கிராம் என்றால் இன்றைய பைகளில் பத்தொன்பது, ஏழு நாளுக்கு. காலையிலும் பின்னேரமும் தேத்தண்ணி குடித்துப் பழகியவர் அந்தப் போத்தலைப் பார்த்துச் சொல்லப்போகும் வார்த்தை, நீங்கள் எழுதி வைத்துப் படிக்கும் எதையும்விட நன்றாக இருக்கும்.

ஆனால் அந்தப் பங்கை வைத்து வீட்டில் ஒரு கிழமை சமைத்துக் காட்டாதீர்கள். சில பெற்றோர் செய்கிறார்கள். இரண்டாம் நாளே பிள்ளை சிணுங்கும், மூன்றாம் நாள் விளையாட்டு முடிந்துவிடும், படித்தது ஒன்றும் இராது. அதோடு உருளைக்கிழங்கும் கரட்டும் பங்கீட்டில் இல்லை என்பதால் நீங்கள் காட்டுகிற பசி சரித்திரப்படியும் பிழை. எல்லாவற்றையும்விட, உண்மையாகவே பட்டினி கிடந்து வந்த ஒருவர் இருக்கும் வீட்டில் பட்டினியை விளையாடுவது நன்றாக இராது. அளப்பதோடு நிறுத்துங்கள்.

இந்தப் போத்தல்களின் உண்மையான வேலை மே 27ஆம் திகதிதான். 1945இல் தோரணம் கழற்றி மூன்று கிழமைகூட ஆகவில்லை, அன்று பன்றியிறைச்சி 113 கிராமிலிருந்து 85 ஆனது, சமையல் கொழுப்பு 57இலிருந்து 28 ஆனது. ஜேர்மனியிடமிருந்து மீட்ட நாடுகளுக்கும் சாப்பாடு வேண்டும், உலகம் முழுவதும் தட்டுப்பாடு, கப்பல்களும் போதாது. போத்தல்களை அதுவரை தட்டிலேயே வைத்திருந்து, அன்றைக்கு மகளைக் கொண்டே கொழுப்புப் போத்தலிலிருந்து பாதியை எடுக்கச் சொல்லுங்கள். பன்றியிறைச்சி வாங்காத வீடென்றால் இந்த ஒரு போத்தலே போதும். "யுத்தம் முடிஞ்சுது எண்டு சொன்னீங்கள்?" என்று கேட்பாள். கேட்கட்டும்.

தோரணத்தை விட்டுவிட வேண்டியதில்லை. பாடசாலைக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டும், அதோடு சந்தோசமும் அந்த நாளின் உண்மைதான். ஆறு வருசமாகக் குண்டுக்குப் பயந்து கிடந்த சனம் ஆடிப்பாடியதில் என்ன பிழை? அன்று துணிக்கும் கூப்பன் என்பதால், சிவப்பு, வெள்ளை, நீலத் தோரணத் துணியை மட்டும் மே கடைசி வரை கூப்பன் இல்லாமல் வாங்கலாம், சதுர யார் ஒரு சிலிங் மூன்று பென்சுக்கு மேற்படக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. கொண்டாட்டத்துக்கும் அளவுச் சிட்டை! மகனுக்கு இந்த விவரம் பிடிக்கும்.

கடையில் வாங்காமல் பழைய பருத்திச் சேட்டுகளில் வெட்டுங்கள். பட்டும் பொலியெஸ்டரும் கத்தரிக்கு வழுக்கும், நூல் பிரியும். 25 சென்ரிமீற்றர் அகலம், ஒரு மீற்றர் நீளத்தில் துண்டு ஒன்று எடுத்து, அடி 20 சென்ரிமீற்றர் வரும் முக்கோணங்களை ஒன்று நிமிர்ந்து ஒன்று தலைகீழாக மாறிமாறி வரையுங்கள். இப்படி வெட்டினால் ஒன்பது கிடைக்கும். எல்லாவற்றையும் நிமிர்ந்தபடி வரைந்தால் ஐந்துதான், மிச்சம் குப்பை. அகலமான ஓரத்தை 2 சென்ரிமீற்றர் மடித்து உள்ளே கயிறு விட்டுத் தையுங்கள். பசையில் ஒட்டினால் ஒரு நாள் காற்றுக்கே வழுகி எல்லாம் ஒரு மூலையில் குவியும். ஒன்பது கொடிக்கும் இடையில் 5 சென்ரிமீற்றர் விட்டு, இரு முனையிலும் கட்டுவதற்கு 30 வைத்தால், கயிறு 2 மீற்றர் 80.

இப்போது ஒவ்வொரு கொடியின் பின்பக்கத்திலும், பென்சிலால், மே 8 அன்று இன்னும் வீட்டுக்கு வராத ஒருவரை எழுதச் சொல்லுங்கள். தோரணம் காற்றில் புரளும்போது மட்டும் தெரியட்டும். வேல்ஸில் யாரோ வீட்டில் வளரும் லண்டன் பிள்ளை. பர்மாவில் இன்னும் சண்டையில் நிற்கும் சிப்பாய். இந்த யுத்தத்தில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் 25 இலட்சம் பேர், எல்லோரும் தாமாகச் சேர்ந்தவர்கள். ஜப்பானியர் முகாமில் கைதி. படையிலிருந்து விடுவிப்பு யூன் 18இல்தான் தொடங்குவதால் ஜேர்மனியிலேயே காத்துக் கிடக்கும் அப்பா. பிறகு, எங்கள் ஆட்கள்: மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள். 415 கிலோமீற்றர் பாதை, 1943 ஒக்டோபரில் முடிந்தது. அதில் வேலைசெய்த நேசநாட்டுக் கைதிகளில் 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு, சரியான கணக்கை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எட்டு வயதுக்கு இந்த எண்கள் வேண்டாம், "நிறையப் பேர் திரும்பி வரவில்லை" என்பது போதும். பதினொரு வயதுக்கு எண்ணைச் சொல்லலாம். ஏன் சரியான கணக்கு இல்லை என்று அவன் கேட்டால் அது நல்ல கேள்வி. யாரை எண்ணினார்கள், யாரை எண்ணவில்லை என்பதைக் கதைக்க அது வழி விடும்.

அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பாடசாலைகள் வழமையாகக் கொடுக்கும் வேலை, "உன் பெட்டியில் எந்த ஐந்து பொருளை எடுத்துப்போவாய்?" என்பது. ஒரு பையோடு வெளிக்கிட்டு வந்த குடும்பத்தில் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். நீங்கள் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: திரும்பி வரும் பையில் என்ன இருக்கும்? மகனின் ஐந்து வயதுச் சப்பாத்து ஒன்று எங்காவது கிடக்கும். தாளில் அதைச் சுற்றிக் கோடு போட்டு, அதே தாளில் அவனுடைய இப்போதைய காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். 1939இல் ஐந்து வயதில் அனுப்பப்பட்டு, கடைசி வரை அங்கேயே இருந்த பிள்ளை, இந்தக் காலோடு வந்து கதவைத் தட்டியது. தாய் வைத்திருந்த உடுப்பு ஒன்றும் பொருந்தாது. வேல்ஸில் வளர்ந்த சிலர் வெல்ஷ் பாஷையோடு வந்தார்கள். அம்மம்மாவோடு அரைகுறைத் தமிழில் முட்டுப்படும் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. மற்றவற்றுக்கு நேரம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். தடித்த ஏ3 தாள் இரண்டு எடுங்கள். ஒன்றில் ஒரு வீட்டின் முகப்பு வரைந்து ஐந்து சன்னல் குறியுங்கள், ஒவ்வொன்றும் 8 சென்ரிமீற்றர் சதுரம். மூன்று பக்கம் வெட்டி ஒரு பக்கத்தை மடிப்பாக விடுங்கள். இதை நீங்கள் கட்டர் கத்தியால் வெட்டிக் கொடுங்கள், கத்தரியை நடுவில் குத்தி இறக்கினால் தாள் கிழியும். இரண்டாவது தாளைப் பின்னால் வைத்து, சன்னல் விழும் இடங்களைப் பென்சிலால் குறித்தபின் எடுத்துவிடுங்கள். படத்தை அதில் வரைந்து முடித்துத்தான் ஒட்ட வேண்டும். முதலே ஒட்டிவிட்டால் சன்னலுக்குள் கைவிட்டு வரைய முடியாது. ஓரத்தில் மட்டும் பசை பூசுங்கள். சன்னல் மடிப்புக்குப் பக்கத்தில் பசை போனால் திறக்காது.

தலைப்பு: 1945 மே 8, பின்னேரம் மூன்று மணி.

முதல் சன்னல் லண்டன். சேர்ச்சில் வானொலியில் பேசுகிறார், தெருவெல்லாம் சனம், இரவுக்குக் கட்டடங்களில் வெளிச்சம் போடப்போகிறார்கள். இரண்டாவது, சனல் தீவுகள். 1940இலிருந்து ஜேர்மனியரின் பிடியில் இருக்கும் பிரித்தானிய மண். சேர்ச்சில் அதே பேச்சில் அந்தத் தீவுகளும் விடுபடப்போகின்றன என்கிறார், ஆனால் படை வந்திறங்குவது அடுத்த நாள்தான். மூன்றாவது பேர்லின். நகரம் ஆறு நாளுக்கு முன்னரே விழுந்துவிட்டது. இடிந்த சுவர்களுக்கு நடுவே பெண்கள் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். அதே நகரத்தின் கார்ல்ஸ்ஹோர்ஸ்ட்டில் அன்றிரவு இரண்டாவது தடவையாகச் சரணாகதியில் கையெழுத்திடப்போகிறார்கள். அந்நேரம் மொஸ்கோவில் நள்ளிரவு தாண்டிவிடும், ஆகவே ரஷ்யர்களுக்கு வெற்றிநாள் மே 9. பேர்லின் பிள்ளைக்கு அன்று சந்தோசமா துக்கமா என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். ஜேர்மனியர்களே இதில் நெடுங்காலம் இழுபட்டார்கள். 1985இல் அவர்களுடைய சனாதிபதி ரிஷார்ட் ஃபொன் வைசேக்கர் நாடாளுமன்றத்தில் அதை விடுதலை நாள் என்று சொன்னது பெரிய பேச்சானதற்குக் காரணம், பலருக்கு அது அதுவரை தோல்வி நாளாகவே இருந்தது. நாலாவது சன்னல், சயாமில் ரயில்பாதை ஓரம் ஒரு கூலி முகாம். அங்கே யாருக்கும் ஒன்றும் முடியவில்லை. யுத்தம் ஓயவே இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது.

நாலு சன்னலையும் ஒரேயடியாகத் திறந்து வைத்து, "எந்த வீட்டில் கேக் இருக்கு?" என்று மகளைக் கேளுங்கள். ஒரே யுத்தம், ஒரே மணி, நாலு வீட்டில் நாலு முகம். அவள் போன வருசம் கேட்ட கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்தத் தாளில் இருக்கிறது.

ஐந்தாவது சன்னல் மூடியே இருக்கட்டும். அது அம்மம்மாவுடையது. அவர் சம்மதித்தால் மட்டும் திறப்பது.

சம்மதம் கேட்பதைப் பிள்ளைகளுக்கு முன்னால் செய்யாதீர்கள். ஏப்ரலிலேயே, தனியாக இருக்கும் ஒரு நேரத்தில், "இந்தமுறை பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்லட்டும், எது சொல்ல வேண்டாம்?" என்று கேளுங்கள். "என்ன நடந்தது சொல்லுங்கோ" என்று கேட்டால் ஒன்றில் வாயடைத்துப் போகும், அல்லது எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். இரண்டும் அவருக்கும் நல்லதில்லை, எட்டு வயதுப் பிள்ளைக்கும் நல்லதில்லை. பொருளைப் பற்றிக் கேட்பது இலேசு: எந்தப் பானையில் காய்ச்சினீர்கள், தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள். விளக்கும் கஞ்சியும் அவருடைய பேச்சுத்தான்.

மகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது மூன்று வசனத்துக்கு மேல் வேண்டாம். இப்படி இருக்கலாம்: "அம்மம்மாவின்ர ஊரில சண்டை முடிஞ்ச அந்தக் கடைசி நாட்களில கன சனம் செத்துப்போச்சு. அம்மம்மாவுக்குத் தெரிஞ்ச ஆக்களும் அதுக்குள்ள. அதால அந்த நாள் வந்தால் அவவுக்கு அவையின்ர ஞாபகம் வரும், அழுவா." உங்கள் குடும்பத்தில் எது உண்மையோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாததைச் சேர்க்காதீர்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் ஒரு கேள்வி கேட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில். எழும்பி விளையாடப் போய்விட்டால், அக்கறை இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்த வயதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், மூன்று நாள் கழித்துப் பல் தீட்டும்போது அடுத்த கேள்வி வரும். "இங்கயும் வருமா?" என்றால், "ஒருநாளும் வராது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "இண்டைக்கு நாங்கள் எல்லாரும் இந்த வீட்டில பத்திரமா இருக்கிறம்" என்பது உண்மை, அது போதும்.

மகனோடு தொடங்கும் இடம் வேறு. பதினொரு வயதில் கையில் போன் இருந்தால் 2009இன் படங்களை அவன் ஏற்கனவே பார்த்திருக்கக்கூடும். "நீ என்ன பார்த்தனி?" என்று முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். "யார் வெண்டது?" என்று கேட்பான். மழுப்பாமல் சொல்லலாம்: அரசாங்கப் படை வென்றது, புலிகள் தோற்றார்கள், இடையில் அகப்பட்ட சனம் பெருந்தொகையாக இறந்தது. இறந்தவர் தொகையை உலக யுத்தத்தோடு ஒப்பிட மட்டும் விடாதீர்கள். "அங்க கோடிக்கணக்கில செத்தவை, இங்க கொஞ்சம்தானே" என்று அவன் அம்மம்மாவின் காதுபட ஒருமுறை சொன்னால் போதும், நீங்கள் செய்தது எல்லாம் வீண்.

வேண்டாதவை சில. யூடியூப்பில் அபாயச் சங்கு போட்டு மேசைக்குக் கீழ் ஒளிக்கும் விளையாட்டைப் பல பாடசாலைகள் பரிந்துரைக்கும். கிபிர் போர்விமானத்தின் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய ஒருவர் இருக்கும் வீட்டில் அதைப் போடாதீர்கள், அவர் மேல்மாடியில் படுத்திருந்தாலும் கேட்கும். பதுங்குமிடத்தின் அளவைக் காட்ட விரும்பினால், அன்று தோட்டங்களில் புதைத்த ஆண்டர்சன் கொட்டிலின் அளவுக்கு நிலத்தில் டேப் ஒட்டுங்கள்: 2 மீற்றர் நீளம், 1.4 மீற்றர் அகலம். ஆறு பேருக்கு இடம். சத்தமில்லாமல் எல்லோரும் அதற்குள் உட்கார்ந்து எழும்பினால் விளங்கிவிடும். இருட்டடிப்பை வீட்டுச் சன்னலில் செய்துகாட்ட மே மாதம் தோதில்லை, இருட்ட ஒன்பது மணியாகும். சப்பாத்துப் பெட்டியில் சன்னல் வெட்டி, உள்ளே ரோச் வைத்து, கறுத்தத் தாளால் மூடித் திறந்தால் பகலிலேயே படிக்கு அடியில் செய்யலாம். இன்னொன்று கட்டாயம்: கார் பூட் சந்தையில் பழைய நச்சுவாயு முகமூடி விற்பார்கள். வாங்கிப் பிள்ளையின் முகத்தில் மாட்ட வேண்டாம். அந்தக் கால வடிகட்டிகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. கடதாசியில் செய்தது போதும்.

வெளியில் கூட்டிப்போக விரும்பினால், தெற்கு ஹரோவிலிருந்து பிக்காடிலி லைனில் ஏறி ஹைட் பார்க் கோர்னரில் இறங்குங்கள். பக்கத்திலேயே 2002இல் திறந்த நினைவு வாயில் இருக்கிறது, நாலு கல் தூண். அவற்றில் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், ஆபிரிக்கா, கரீபியன் என்ற பெயர்களோடு இலங்கையும் செதுக்கியிருக்கிறது. பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். யுத்த அருங்காட்சியகத்துக்குப் போனால் யூதப் படுகொலைக் கூடங்களை இந்த வயதில் தவிர்த்துவிடுங்கள்.

திகதிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். மே 12இலிருந்து 18 வரை முள்ளிவாய்க்கால் நினைவு வாரம். 11ஆம் திகதி இரவு தோரணத்தைக் கழற்றி மடித்து வைத்துவிடுங்கள், நாடாவும் சன்னல் வீடும் இருக்கட்டும். 18ஆம் திகதி மகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள்: அரிசி கழுவுவது. ஒரு சுண்டு அரிசி, நிறையத் தண்ணீர், உப்பு. தேங்காய்ப்பால் விடுவதா வேண்டாமா என்பதை அம்மம்மா சொல்லட்டும். ருசி போதாது என்று சீனி கேட்டால், அன்றைக்கு மட்டும் இல்லை என்று சொல்லலாம். பிறகு வேறு சாப்பாடு கொடுங்கள்.

அம்மம்மா கிழமைக்கணக்கில் நித்திரை இல்லாமல் இருந்தாலோ, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு நடுங்கினாலோ, குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், உங்களையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். மகளுக்குப் பயங்கரக் கனவு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் தொடர்ந்தாலும் அப்படியே.

ஆசிரியருக்கு ஏப்ரல் கடைசியில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள்: எங்கள் வீட்டில் அண்மைய யுத்தம் ஒன்றிலிருந்து தப்பி வந்தவர் இருக்கிறார், ஆகவே "குடும்பத்தின் யுத்தக் கதையைச் சொல்" என்று வகுப்பில் மகளை எழுப்பிக் கேட்க வேண்டாம், அவளாகச் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். சன்னல் வீட்டை வகுப்புக்குக் கொடுத்துவிடுவதாகவும் எழுதுங்கள். கொடுத்துவிடும்போது ஐந்தாவது சன்னலை ஒரு துண்டு டேப்பால் ஒட்டி அனுப்புங்கள்.